ஊசிக்கு நகைத் தராசு

சித்ரலேகாவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்ததே காதுக்காகத்தான். திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற ஆபரேட்டர். காலையில் போய் உட்கார்ந்து காதில் செட்டை மாட்டினால், உவரியிலிருந்து மீன் லாரி கிளம்பிவிட்டதா என்று கேட்கிற மதுரை வியாபாரியும், ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தாருக்கு விலை பேசுகிற கொச்சிக்காரரும், துபாயில் இருக்கிற மகனிடம் பேச்சு வராமல் மூக்கை உறிஞ்சுகிற தாயாரும் அவள் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். ‘ஹலோ’ என்கிற ஒரு சொல்லை வைத்தே ஆள் எந்த ஊர், என்ன வயசு, சாப்பிட்டாரா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். பெருமைக்குச் சொல்வதில்லை, சொன்னால் சொன்னபடி இருக்கும்.

நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிற மனுஷி வீட்டுக்கு வந்தாலாவது காதுக்கு ஓய்வு கொடுப்பாளா என்றால், கொடுக்க மாட்டாள். வண்ணார்பேட்டை வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டுவாள், முகத்தைக் கழுவுவாள், நேரே போய் ரிக்கார்டு பிளேயரின் மூடியைத் திறப்பாள். ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிப் போன தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் இப்படி ஒருத்தி. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன ஜப்பான் பிளேயர் அது. வாங்கும்போதே அதன் கார்ட்ரிட்ஜ் உடைந்திருந்தது. கார்ட்ரிட்ஜ் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பிளேயரின் கை நுனியில், ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கட்டைவிரல் நகத்தளவு டப்பா. ஆனால் பாட்டு பாட்டாக வருவதும் கத்தலாக வருவதும் அந்த டப்பாவின் கையில்தான் இருக்கிறது. ஜங்ஷனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அப்பாத்துரை அண்ணாச்சி அப்போதைக்கு ஓர் உள்ளூர் சரக்கை மாட்டிக் கொடுத்தார். முரட்டுச் சரக்கு. நன்றாக அமுக்கினால்தான் பாடும். சித்ரலேகாவும் அதையே வைத்து ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அவள் புருஷன் நடராஜ் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அவருக்குப் பாட்டில் ஈடுபாடு கிடையாது, பக்தியில் உண்டு. குறுக்குத்துறையில் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, வங்கிக்குப் போய்த் தராசின் முன் உட்கார்ந்தாரானால் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். நகையில் இருக்கிற அரக்குக்குக் கழிப்பார், கல்லுக்குக் கழிப்பார், கோத்திருக்கிற நூலுக்குக் கழிப்பார். தாலிக்கொடியில் மஞ்சள் அப்பியிருந்தால்கூட, “மஞ்சளுக்குக் கொஞ்சம் கழிக்கணும்மா, தப்பா நினைச்சுக்காதீங்க” என்பார். ஊருக்குள் அவருக்குக் ‘கழிவு நடராஜ்’ என்று பேர். அது அவருக்கும் தெரியும்.

கதை ஆரம்பித்தது எக்ஸ்சேஞ்சில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். பக்கத்து சீட் ஆபரேட்டர் ஷரீபா பீவி, பேட்டைக்காரி. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“சித்ரா, எங்க வாப்பா பாடுன ரிக்கார்டு ஒண்ணு வீட்ல கெடக்குளா. உன் மெஷின்ல போட்டுக் கேசட்ல எடுத்துத் தருவியா? நம்ம தங்கச்சி ஃபர்ஹத் நிக்காஹ்ல அத போடணும்னு எனக்கு ஆச.”

“உங்க வாப்பா பாடுவாங்களா? இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லல நீ.”

“அத அவுக முன்னால பேசக்கூட முடியாதுளா,” என்றாள் ஷரீபா.

அவள் வாப்பா அசன் மைதீன் பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வாலிபத்தில் நல்ல பாட்டுக்காரராம். மீலாது விழா என்றால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கூட்டிப் போவார்களாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ மெட்ராஸுக்கு அழைத்துப் போய், பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஒரு சின்ன ரிக்கார்டு போட்டுவிட்டார்கள். அவர் பாடியதை அவரே முதல்முதலில் கேட்டது பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தலில். சவுண்ட் செட்காரர் மழுங்கின ஊசியைப் போட்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயில் அலறவிட்டிருக்கிறார். குரல் கரகரவென்று நடுங்கி நடுங்கி வந்திருக்கிறது. பந்தலில் ஒருத்தர், “என்னவே, பிரியாணிக்கு வாங்குன ஆட்ட இன்னும் அறுக்கலியா, இப்படிக் கத்துது?” என்று கேட்டிருக்கிறார். பந்தலே சிரித்திருக்கிறது. அசன் மைதீனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு பேரன் பேத்தி தொட்டிலில் அழுதால்கூட ஒரு வரி பாடியதில்லை. ரிக்கார்டு பெட்டிக்கு அடியில் போய்விட்டது. ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை.

“வாப்பாட்ட நிக்காஹ்ல போடணும்னு சொன்னேன். ஒரு தடவ ஊர் சிரிச்சது போதும், ரெண்டாவது தடவயும் சிரிக்கணுமாங்காக. அழுது கேட்டேன். சரி, மொதல்ல நான் கேப்பேன், அந்த ஆடு இன்னும் அதுக்குள்ள கெடந்துதுன்னா ரிக்கார்டு பழையபடி பெட்டிக்குள்ள போயிரணும், பொறவு ஆயுசுக்கும் அந்தப் பேச்சு எடுக்கக்கூடாதுன்னுட்டாக.”

சித்ரலேகா தன் டிபன் பாக்ஸை மூடினாள். தன் பிளேயரில் இருக்கிற முரட்டு ஊசி அவளுக்குத் தெரியும். அதில் போட்டால் ஆடு என்ன, ஆட்டு மந்தையே கத்தும்.

அந்த மாசம் போனஸ் வந்தது. பட்டுச்சேலை எடுப்பதாக நடராஜிடம் சொல்லி வைத்திருந்தவள், ஜவுளிக்கடையைத் தாண்டி அப்பாத்துரை அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்த இரண்டு சின்னப் பெட்டிகளை மேஜையில் வைத்தார்.

“ரெண்டும் காந்த கார்ட்ரிட்ஜ்தாம்மா, ரெண்டும் ஜப்பான். இது உருண்ட ஊசி. எந்த ரிக்கார்டுக்கும் ஒத்துப்போவும், வம்பு பண்ணாது. இது முட்ட ஊசி. மெலிசு. கோட்டோட இடுக்கு வரைக்கும் போயி ஒக்காரும். நல்ல ரிக்கார்டுன்னா தேன் மாதிரி இருக்கும். கெட்ட ரிக்கார்டுன்னா என்ன செய்யும்னு நான் சொல்ல முடியாது. உங்களுக்கு உருண்டதே போதும், கேட்டியளா?”

எல்லாரும் உருண்டதைத்தான் எடுத்திருப்பார்கள். சித்ரலேகா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். சவுண்ட் செட்காரரின் தடித்த ஊசி ரிக்கார்டின் கோட்டுப் பள்ளத்துச் சுவரில் ஒரே உயரத்தில் உழுதிருக்கும். உருண்டை ஊசியைப் போட்டால் அதுவும் அதே காயத்தில்தான் போய் உரசும். முட்டை ஊசி மெலிந்தது, அது காயம் படாத இடமாகப் பார்த்து உட்கார வழி இருக்கிறது. வண்டிச் சக்கரம் பள்ளம் பறித்த ரோட்டில் சைக்கிள்காரன் ஓரமாய்ப் போகிறானே, அந்த மாதிரி.

“முட்ட ஊசியே குடுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். “யோசிச்சுத்தான் சொல்லுதிய. ஆனா ஒண்ணு. எட துல்லியமா வைக்கணும். ஒண்ணேமுக்கா கிராம்னு பெட்டியில போட்டிருக்கு. கூடுனா ரிக்கார்டுக்குக் கெடுதல். கொறஞ்சா அதவிடக் கெடுதல், ஊசி நிக்காம குதிக்கும். குதிச்சா கோட்டயே கிழிச்சிரும் பாத்துக்கிடுங்க.”

எடைக்கு வெளியே போவானேன், வீட்டில்தான் ஆளும் தராசும் இருக்கிறதே என்று அவள் சந்தோஷமாக பஸ் ஏறினாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பழைய டப்பாவைக் கழற்றினாள். முள்வாங்கியால் நாலு கம்பிகளையும் உருவினாள். சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் முடி மாதிரி. இழுத்தால் அறுந்துவிடும், இழுக்காவிட்டால் வராது. நடராஜ் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். புது டப்பாவை இரண்டு திருகாணிகளில் நிறுத்தி, கூட வந்த அட்டையில் இருந்த புள்ளியில் ஊசி நுனி சரியாக நிற்கும்படி முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஒருவழியாகச் சரியாக நின்றது. பெரிய வேலை முடித்த நிம்மதியில், “தராச எடுங்க, எடையையும் பாத்துருவோம்,” என்றாள்.

“ஏளா, தராச பூசைக்குத் தொடச்சு வச்சாச்சு. இனிமே நாளன்னிக்குத்தான் தொடணும்.”

இதில் பேசி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் பூஜை நடந்தது. நடராஜ் அரைத்த சந்தனத்தைக் கெட்டியாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். தராசுக்குப் பொட்டு, படிக்கற்களுக்குப் பொட்டு, சைக்கிளுக்கு, மிக்ஸிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, மெயின் ஸ்விட்சுக்கு. பிளேயரின் முன்னால் வந்தவர் நின்றார். புதுசாக வந்திருக்கிற ஆயுதம் அந்த டப்பாதான் என்று யோசித்து, கையின் தலையில், சரியாக டப்பாவுக்கு மேலே, ஒரு தாராளமான பொட்டு வைத்து அதன் நடுவில் குங்குமமும் இட்டார். அவருடைய பொட்டில் கஞ்சத்தனம் இருக்காது.

விஜயதசமி காலையில் சித்ரலேகா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“ஏங்க, இங்கன யாராவது பொட்டு வைப்பாங்களா? தொடச்சிரட்டுமா?”

“தொடைக்கதுக்கா வச்சோம்? வருஷம் பூரா நல்லா ஓடட்டும்னுல்லா வச்சிருக்கு. தானா உதிருத வரைக்கும் கெடக்கட்டும்.”

ஊரில் யாரும் சைக்கிளில் வைத்த பொட்டைத் தாங்களாகத் துடைப்பதில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள். நடராஜ் தராசை எடுத்து வந்தார். ஒரு தட்டில் படிக்கற்களை வைத்து, மறு தட்டின் விளிம்பில் ஊசி பட்டும் படாமலும் நிற்கும்படி பிளேயரின் கையைப் பைய இறக்கினார். அந்தக் கையின் பின்முனையில், ஊசியின் எடையைக் கூட்டிக் குறைக்கிற குமிழில் எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்ததால் அவள் அதைத் திருகத் திருக, அவர் முள்ளையே பார்த்து, “இன்னும் கொஞ்சம்… போதும்… ஒரு பொட்டு பின்னால போ,” என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒண்ணேமுக்கால் கிராமில் முள் அசையாமல் நின்றது. நடராஜுக்கு உத்தியோகப் பெருமை பொங்கியது.

அன்றைக்குப் போட்ட முதல் ரிக்கார்டு ஒரு நாதஸ்வரம். வாசித்தவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜால்ரா எங்கோ இடது பக்கம் தனியாகக் கேட்டது. இத்தனை வருஷம் இதெல்லாம் இதற்குள் இருந்ததா என்று சித்ரலேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷரீபா தன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அசன் மைதீன் ஒல்லியாக, உயரமாக, வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் துணிப்பை. டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டுத் தயாராக வைத்திருந்த சித்ரலேகா, நாற்காலியைப் போட்டு ஃபேனைச் சுழலவிட்டாள்.

“வாங்க மாமா. காபி குடிக்கியளா?”

“மொதல்ல கேட்டுருவோம் தாயி. பொறவு குடிக்க மனசு இருந்தா குடிப்போம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பையைப் பிடித்திருந்த விரல்கள் அதை விடவில்லை. ஷரீபாதான் மெல்லப் பையை வாங்கி ரிக்கார்டை எடுத்துக் கொடுத்தாள். சித்ரலேகா தூசி தட்டி, தட்டில் வைத்து, ஊசியை இறக்கினாள்.

நாலு விநாடி ஆர்மோனியம் வந்தது. குரல் எழும்பியது. எழும்பின வேகத்தில் ஊசி குதித்தது. ஒரு சொல்லை விழுங்கி, அடுத்த சொல்லைப் பாதியில் கடித்து, மறுபடியும் குதித்தது. நடுவில் வந்த குரல் நடுங்கி, இழுத்து, கரகரத்தது. சாட்சாத் ஆடு. சித்ரலேகா பாய்ந்து பிளேயரின் கையைத் தூக்கினாள்.

அசன் மைதீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “நான் சொல்லலியா ஷரீபா? மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. பாடுனவன் மேலதான் குத்தம். வா, போவோம்,” என்று எழுந்து வாசலில் போய்ச் செருப்பைத் தேடினார். ஷரீபா எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்ரலேகாவுக்கு இந்த இடத்தில்தான் அவள் காது கை கொடுத்தது. இது தேய்ந்த ரிக்கார்டின் சத்தமில்லை. தேய்ந்திருந்தால் இரையும், இப்படிக் கால் தரிக்காமல் ஓடாது.

“மாமா, ஒரே ஒரு நிமிஷம். செருப்ப மாட்டாதிய.”

தன்னுடைய நாதஸ்வர ரிக்கார்டை எடுத்துப் போட்டாள். முந்தா நாள் வரை தேன் மாதிரி வாசித்தவர் இன்றைக்குத் தடுக்கித் தடுக்கி விழுந்தார். அறையில் இருந்த நாலு பேருக்கும் அது கேட்டது.

“பாத்தியளா? இவரு என்ன ஆடா? கோளாறு உங்க கிட்ட இல்ல மாமா, எங்க மெஷின்ல இருக்கு.”

அவர் செருப்பை விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றார். சித்ரலேகா குனிந்து பார்த்தாள். கம்பிகள் சரி. திருகாணிகள் சரி. ஊசியும் முழுசாக இருந்தது. அப்போது கறுப்புத் தட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு கிடப்பதை நடராஜ் பார்த்தார். விரல் நுனியில் ஒற்றியெடுத்து மூக்கில் வைத்தார். பிறகு கையின் தலையைப் பார்த்தார். அங்கே பொட்டு இருந்த இடத்தில் குங்குமக் கறை மட்டும் இருந்தது. சந்தனம் காய்ந்து, வெடித்து, ஃபேன் காற்றில் உதிர்ந்துவிட்டது.

நடராஜின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஊரான் வீட்டுத் தாலியில் மஞ்சளுக்குக் கழிக்கிற மனுஷன், சொந்த வீட்டில் சந்தனத்தோடு சேர்த்து எடை போட்டிருக்கிறார்.

“ஏளா,” என்றார் மெதுவாக. “கழிக்காம விட்டுட்டேன்.”

சித்ரலேகாவுக்கு அவரைக் கடித்துத் துப்பிவிடலாம் போல வந்தது. அதே மூச்சில் சிரிப்பும் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஷரீபாவும் திரும்பி, அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். நடராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்த் தராசை எடுத்து வந்து, பிளேயர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கறையை ஈரத்துணியால் துடைத்தார். தட்டு விளிம்பில் ஊசியை இறக்கினார். ஊசியின் எடை இப்போது ஒரு கிராம்கூட முழுசாகத் தேறவில்லை. அவ்வளவு பெரிய பொட்டு.

அசன் மைதீன் நிலைப்படியிலிருந்து ஓர் எட்டு உள்ளே வந்தார். “என்ன மாப்ளே, ஊசிக்கு நகை எடையா போடுதிய?”

“ஆமா மாமா. என் கூறு இப்படி. உங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா, இருங்க.”

“சந்தனத்துக்கு இம்புட்டு கனமா?” என்று கேட்டுக்கொண்டே கிழவர் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, கடைசியில் நாற்காலியிலேயே உட்கார்ந்து தராசு முள்ளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். துணி அளந்த கை அல்லவா, அளவு என்றால் அவருக்கும் ஓர் இது. சித்ரலேகா குமிழைத் திருகினாள். நடராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். ஒண்ணேமுக்காலில் நின்றது. நம்பாமல் எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. பிறகுதான் அந்தச் சின்ன ரிக்கார்டைத் தட்டில் வைத்தார்கள்.

மறுபடியும் ஆர்மோனியம். சித்ரலேகா பிளேயரின் மேலிருந்து தன் கையை எடுத்துக்கொள்ள மறந்து நின்றாள். குரல் எழும்பியது. குதிக்கவில்லை. லேசாக ஓர் இரைச்சல், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. அதற்கு முன்னால் ஒரு வாலிபன் நின்று பாடினான். நடுக்கம் ஏதும் இல்லை. மேலே போகிற இடத்தில் சிரமமே இல்லாமல் போய், அங்கே கொஞ்சம் நின்று, ஆசை தீர நின்று, பிறகு பைய இறங்கி வந்தான். இத்தனை வருஷமாக லட்சம் குரல் கேட்ட காது சித்ரலேகாவுடையது. இப்படி ஒரு சுத்தமான குரல் அவள் ஹெட்செட்டில் வந்ததே இல்லை. ஷரீபா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது பாடிய குரல் அது. ஆனாலும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

பாட்டு முடிந்து ஊசி நடுவில் வந்து டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தூக்கப் போகவில்லை.

“ஆடு எங்க?” என்றார் அசன் மைதீன் கடைசியில்.

“அது அந்தச் செட்டுக்காரரு ஊசியில இருந்திருக்கு மாமா,” என்றாள் சித்ரலேகா. “உங்க பாட்டுல இல்ல. எப்பவும் இருந்ததில்ல.”

சொல்லிவிட்டு டேப்ரிக்கார்டர் பக்கம் திரும்பினாள். கேசட் போட்டபடி இருந்தது. பொத்தானை அமுக்கவே இல்லை. இவ்வளவு பாடுபட்டும் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. இந்த மனுஷனிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது?

“மாமா, கோவிச்சுக்கிடாதிய. பதிவு பண்ண மறந்துட்டேன். இன்னொருக்கப் போடணும்.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துடைக்கவில்லை, வழிகிறது வழியட்டும் என்று விட்டுவிட்டார்.

“போடு தாயி,” என்றார். “முப்பது வருஷமா இந்தப் பயல நான் ஏசிக்கிட்டே இருந்திருக்கேன். பாவம், நல்லாத்தான் பாடிருக்கான். இன்னொரு தடவ பாடட்டும்.”

சித்ரலேகா இந்தத் தடவை முதலில் டேப்பின் பொத்தானை அமுக்கினாள், பிறகுதான் ஊசியை இறக்கினாள்.